எந்தச் செய்யது முகமது? தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை

கன்னியாகுமரிக்கு வந்து சூரிய உதயம் பார்த்து, படகில் பாறைக்குப் போய், சிப்பி மாலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு இந்தப் பதிவு பயன்படாது. அவர்களுக்கு வேண்டிய பதிவுகள் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கின்றன. நான் போனது மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு. கையில் ஒரு கேள்வி இருந்தது: பாக்தாதிலும் கெய்ரோவிலும் அரசு கை மாறியபோதெல்லாம் இங்கே, நம் கடற்கரையில், என்ன மாறியது?

கேள்வி எங்கிருந்து வந்தது என்றால், ஆலைப் பேருந்திலிருந்து. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. போக வர மூன்று மணி நேரம் வீணாகிறது என்று கடந்த ஒரு வருடமாக இடைக்கால இஸ்லாமிய அரசுகளைப் பற்றிய உரைகளைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். பொங்கல் விடுமுறைக்குச் சொந்த ஊரான குலசேகரத்துக்கு வந்தபோது வியாழன், வெள்ளி இரண்டு நாள் கிடைத்தன. ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்குப் பேச்சிப்பாறை அணைதான் கடல். அசல் கடல் நாற்பது கிலோமீட்டருக்குள் இருந்தும் தேங்காய்ப்பட்டணத்தை நான் பார்த்ததே இல்லை.

வியாழன் காலை ஏழேகாலுக்குக் குலசேகரத்தில் பஸ் ஏறினேன். தக்கலை சுமார் பதினைந்து கிலோமீட்டர். வழியில் நிறுத்தம் நிறுத்தமாக ஆள் ஏறுவதால் முக்கால் மணி நேரம் ஆகும். அவசரம் என்று நடத்துநரிடம் சொல்லிப் பயனில்லை, சொல்லிப் பார்த்துவிட்டேன். தக்கலையில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை விடுமுறை. நான் பள்ளியில் மூன்று முறை அழைத்துச் செல்லப்பட்டவன், அதனால் தாண்டிவிட்டேன். அடுத்த பஸ்ஸில் கருங்கல். சந்தை நாள் இல்லாவிட்டாலும் கருங்கல் சந்திப்பில் வண்டி நகராது.

கருங்கல் பஸ் நிற்பதற்குள் அந்த உரைகளின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன் பள்ளிவாசலில் குத்பா என்ற பிரசங்கம் உண்டு. இடைக்காலத்தில் அதில் ஆட்சியாளரின் பெயரைச் சொல்லிப் பிரார்த்திப்பார்கள். காசில் பெயர், குத்பாவில் பெயர், இந்த இரண்டும் இருந்தால் அவர் ஆள்கிறார் என்று பொருள். ஓர் ஊரில் குத்பாவிலிருந்து ஒரு பெயர் விடுபட்டால் அந்த ஊர் கலகத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். படை வருவதற்கு முன்பே செய்தி போய்விடும்.

பத்தாம் நூற்றாண்டில் ஈரான் பக்கத்துப் புவைஹி வம்சத்தார் பாக்தாதைப் பிடித்தார்கள். முஸ்லிம்களின் தலைவர் என்ற கலீஃபா பதவியை ஒழிக்கவில்லை. இருந்தவரை இறக்கிவிட்டு அதே அப்பாசிய வம்சத்தில் வேறொருவரை உட்கார வைத்தார்கள். படை இவர்களிடம், பெயர் அவரிடம். அதே நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃபாத்திமிகள் எகிப்தைப் பிடித்து, கெய்ரோவைக் கட்டி, தங்கள் கலீஃபாவை எதிரே நிறுத்தினார்கள். அடுத்த நூற்றாண்டில் ஒரு படைத்தலைவர் பாக்தாதிலேயே ஏறத்தாழ ஓராண்டு ஃபாத்திமி பெயரில் குத்பா சொல்ல வைத்தார். துருக்கியரான செல்ஜூக்குகள் வந்து பழைய பெயரைத் திரும்ப மாட்டினார்கள். பிறகு மங்கோலியர் வந்து பாக்தாத் கலீஃபாவையே கொன்றார்கள்.

நமக்கு இதில் என்ன? கப்பல்தான். பாரசீக வளைகுடா தளர்ந்து செங்கடல் வழி ஓங்கியபோது மிளகு வாங்க வந்த கப்பல் யேமன் நாட்டு ஏடனிலிருந்து வந்தது. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசல்களில் யேமன் சுல்தான் பெயரில் குத்பா சொன்னதற்கு ஆவணம் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: ஊரை ஆண்டவர் இந்துவான சாமூதிரி, வெள்ளிக்கிழமை சொன்ன பெயர் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தவருடையது. படை எதுவும் வரவில்லை, வியாபாரம் வந்தது. நம் கரை அப்போது வேணாட்டு அரசரிடம் இருந்தது. இங்கே எந்தப் பெயரைச் சொன்னார்கள்? நான் தேடியவரை ஆவணம் இல்லை. தெரிந்தமாதிரி எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

கருங்கல்லிலிருந்து தேங்காய்ப்பட்டணம் எட்டு ஒன்பது கிலோமீட்டர். பஸ் உண்டு. எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாததால் ஆட்டோ பிடித்தேன், இருநூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் ஜஸ்டின் அண்ணன் இரண்டு நாளும் கூடவே வந்தார்.

"கடல் பாக்கவா, மீன் வாங்கவா?" என்று கேட்டார்.

"பழைய பள்ளிவாசல் பாக்க அண்ணே. அரபு நாட்டுல ராஜா மாறினா இஞ்ச என்ன நடக்கும்னு ஆராய்ச்சி."

"அதுக்குப் பள்ளிவாசல் எதுக்கு மக்கா? எனக்க மச்சான் துபாய்ல நிக்கான். அங்க முதலாளி மாறினா இஞ்ச அவனுக்க வீட்டுல மேல்மாடி பாதியில நிக்கும்."

என் ஆராய்ச்சியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. மேலே போகலாம்.

தேங்காய்ப்பட்டணத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குழித்துறை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். மற்றொன்று, கருங்கற்களால் எழுப்பிய பழைய பள்ளிவாசல். தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத் தூண்களைச் செதுக்கிய அதே கைகள் என்று சொல்லிவிடலாம். ஆயிரம் வருடத்துக்கு மேல் என்கிறார்கள். கல்வெட்டு எதையும் நான் பார்க்கவில்லை, எனவே வருடத்தைப் பற்றிப் பந்தயம் கட்ட மாட்டேன். தொழுகை நேரம் தவிர்த்துப் போய், கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். முழங்கால் மறைகிற உடை வேண்டும்.

அங்கே ஹாரிஸ் வந்து சேர்ந்தான். குலசேகரத்தில் பன்னிரண்டாம் வகுப்புவரை என்னோடு படித்தவன். அவன் வாப்பாவுக்கு அங்கே ரப்பர் ஷீட் வியாபாரம். நான் பொறியியலுக்குப் போனேன், அவன் அரபிக் கல்லூரிக்குப் போனான். இப்போது பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் கத்தீப், அதாவது வெள்ளிக்கிழமை குத்பா சொல்கிறவன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. காரணம் உங்களுக்கே புரியும்.

முகத்துவாரத்துத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து நான் பாக்தாத், கெய்ரோ கதையை எடுத்துவிட்டேன். அவன் பாதியிலேயே நிறுத்தினான்.

"லேய், நிறுத்து. எனக்கு நாளைக்கு ரெண்டு கலீஃபா நிக்காங்க."

பள்ளிவாசலை நிர்வகிக்கிற அவன் ஊர் ஜமாத்துக்கு இப்போது இரண்டு தலைவர்கள். ஒருவர் பதினோரு வருடமாக இருக்கிறவர். மற்றவரைத் தனியாகக் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கூட்டம் செல்லாது என்கிறார் இவர், பதவி செல்லாது என்கிறார் அவர். இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அதோடு விட்டதா? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தில் இரண்டு வீட்டிலும் மூத்த பையனுக்கு ஒரே பெயர்: செய்யது முகமது. பழையவர் மேலவீட்டு செய்யது முகமது, புதியவர் கீழவீட்டு செய்யது முகமது.

அந்த ஊரில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் தமிழில் ஒரு துவா, அதாவது பிரார்த்தனை, உண்டு. நோயாளிகள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள், கடைசியில் ஜமாத் தலைவர், இன்ன வீட்டு இன்னார் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மேலவீட்டுக்காரருக்குச் சொந்தமான வீட்டில்தான் ஹாரிஸ் வாடகைக்குக் குடியிருக்கிறான். சம்பளம் போடும் வங்கிக் கணக்கு கீழவீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. வீட்டுப் பெயரைச் சத்தமாகச் சொல்லணும், இல்லையென்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்ளணும் என்று இருவரும் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். அவன் மனைவி சாஹிலா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இவன் வேலை போனால் அதுவும் போகும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு பேரையும் சொல்லாத. தலைவர்னே ஒரு வார்த்தை வேண்டாம்" என்றேன்.

"நீதானல இப்பம் சொன்ன, பேரை விட்டாலே கலகம்னு?"

உடனே கட்சி மாறினேன். "அப்போ ரெண்டையும் சொல்லு."

"எதை முதல்ல?"

"மேலவீடு. இல்ல, அகர வரிசைப்படி கீழவீடு."

"அகர வரிசையில போனா என்னைக் குடியிறக்குவாரு. நீ ஒனக்க மீட்டரைப் பாரு மக்கா. இதை நான் பாத்துக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜஸ்டின் அண்ணனின் ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனேன். பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே வேப்ப மர நிழலில் வண்டியை நிறுத்தினோம். உள்ளே வழக்கத்தைவிடக் கூட்டம் என்று செருப்புகளைப் பார்த்தே தெரிந்தது. குத்பா அரபியில். அது முடிந்து, தொழுகை முடிந்து, ஒலிபெருக்கியில் ஹாரிஸின் தமிழ் வந்தது. நோயாளிகளுக்குக் கேட்டான். கடலில் போகிறவர்களுக்குக் கேட்டான். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்குக் கேட்டபோது ஜஸ்டின் அண்ணன், "எனக்க மச்சானும் அதுல வருவான்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

பிறகு: "எங்கள் ஜமாத் தலைவர் செய்யது முகமது அவர்களுக்கு நல்ல உடல்நலத்தையும் நீதியான மனதையும் தருவாயாக."

ஆமீன் என்ற சத்தம் மதிலைத் தாண்டி வந்தது. எந்த வீடு என்று சொல்லவே இல்லை. எனக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவ்வளவு எளிய தீர்வு நேற்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டு கருவிக்கு ஒரே எண் ஒட்டியிருந்தால் ஆலையில் நான் கத்துவேன். இங்கே அதுதான் ஆளைக் காப்பாற்றுகிறது.

காப்பாற்றியதா என்பது வாசலில்தான் தெரிந்தது. ஹாரிஸ் வெளியே வந்ததும் மேலவீட்டுக்காரர் முதலில் வந்து கையைப் பிடித்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையவில்லை.

"உஸ்தாதே, துவா நல்லாயிருந்து. நம்ம பேரு தெளிவா கேட்டு."

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "உமக்க பேரா? அது எனக்க பேரு ஓய்." கீழவீட்டுக்காரர்.

"நான் பொறந்து நாலு மாசம் களிஞ்சுதான் நீரு பொறந்தீரு. பேரு முதல்ல எனக்குத்தான் வச்சு."

"அப்பம் மிச்சம் இருந்ததையா எனக்கு வச்சாங்க?"

செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கீழவீட்டுக்காரர் ஹாரிஸ் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீரு சொல்லும். எந்தச் செய்யது முகமதுக்குக் கேட்டீரு?"

"தலைவருக்குக் கேட்டேன்" என்றான் ஹாரிஸ். "தலைவர் ஆருன்னு நீங்க ரெண்டு பேரும் இன்னும் எனக்குச் சொல்லல்ல. படச்சவனுக்குத் தெரியும். அவன் சரியான ஆளுக்குக் குடுப்பான்."

"அப்பம் சம்பளத்தையும் அவன்கிட்டயே வாங்கும்."

"வாடகையையும் அவனுக்கே குடுத்திருவாரு காக்கா!" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கூட்டத்திலிருந்து எவனோ கத்தினான்.

முதலில் சிரித்தது வாடகை வாங்குகிற மேலவீட்டுக்காரர்தான். வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததும் ஊரே சிரித்தது. கீழவீட்டுக்காரர் ஒருமுறை எல்லோரையும் முறைத்துவிட்டு, "அடுத்த வெள்ளி என்ன செய்வீரு?" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"அடுத்த வெள்ளியும் இதே பேருதான். நடுவுல புதுசா வேற தலைவர் போடதா இருந்தா, அதே பேருள்ள ஆளாப் பாத்துப் போடுங்க."

இப்போது அவருக்கும் அடக்க முடியவில்லை. சிரித்த பிறகு அதே இடத்தில் நின்று ஒருவனை வேலையைவிட்டு நீக்குவது கஷ்டம். இரண்டு செய்யது முகமதுகளும் வேறு வேறு பக்கமாக வீட்டுக்குப் போனார்கள். சமாதானம் எதுவும் ஆகவில்லை, அப்படி ஆனதாக எழுதினால் பொய். ஆனால் ஹாரிஸ் பிரியாணி சாப்பிட்டான், நானும் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் எனக்குப் பட்டது இதுதான். இவ்வளவு நாளும் நான் அரசர்களின் பக்கத்திலிருந்து கதையைக் கேட்டிருக்கிறேன்: யார் வென்றார், யார் பெயர் ஏறியது, யார் பெயர் இறங்கியது. பாக்தாதில் பெயர் மாறிய ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேடைப்படி ஏறிய கத்தீப் ஒருவர் இருந்திருப்பார். அவருக்கும் வாடகை வீடு இருந்திருக்கும். அவரைப் பற்றி எந்த உரையிலும் யாரும் பேசவில்லை. என் கேள்விக்கு இந்தக் கரையில் கிடைத்த பதில் அவர்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். ஜூனில் கடல் கரைக்கு ஏறும், முகத்துவாரத்துச் சுவரில் உட்காராதீர்கள், வழுக்கும். நாகர்கோவிலிலிருந்து நேராக வந்தால் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். தங்குவதற்கு மார்த்தாண்டம் வசதி. வெள்ளிக்கிழமை பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிவரை பள்ளிவாசலுக்குள் சுற்றிப்பார்க்க முடியாது. ஆனால் வெளியே நிற்கலாம், காது கொடுக்கலாம். எனக்கு இரண்டு நாள் செலவு ஆட்டோ, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு. ஆட்டோவை விட்டுப் பஸ்ஸிலேயே போனால் பாதியில் முடிக்கலாம், பொறுமை வேண்டும்.

இதைப் பதிவேற்றும் முன் சாஹிலாவுக்குப் போன் செய்து, எழுதட்டுமா என்று கேட்டேன். ஊர் பெயர் போடாமல் எழுதுங்க அண்ணே என்றாள். வீடு மாற வேண்டியிருக்குமா என்று கேட்டதற்கு, "பாதிப் பாத்திரத்தைக் கட்டி வச்சிருந்தேன். நேத்துதான் அவிழ்த்தேன்" என்றாள்.