மகளையும் காத்திருக்க வைத்தேன்

நான் ஈப்போவில் ஓர் ஓட்டலின் டெலிபோன் ஆபரேட்டர். "துங்கு செகெஜாப்" என்று மலாயில் காத்திருக்கச் சொல்லியே சலித்துப்போனவள். புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் சமைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா" என்று என் ஆறு வயது மகள் கூப்பிட்டாள். திரும்பாமலே "துங்கு செகெஜாப்" என்றேன். மறுபடி கூப்பிட்டாள். அதே பதில்தான் சொன்னேன். கருகல் வாடை வந்த பிறகுதான் திரும்பினேன். சாமி விளக்கிலிருந்து திரைச்சீலையில் நெருப்புப் பற்றியிருந்தது. பக்கத்திலேயே அவள் கைகட்டி நின்றாள்.

தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, "ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"நீங்கதானேம்மா துங்கு பண்ணச் சொன்னீங்க."

இப்போது வேலை விட்டு வந்ததும் வாசல்படியில் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சை மட்டும் கவனிக்கிறேன். காதில் மணி நின்ற பிறகே உள்ளே போகிறேன். சில நாள் அது லேசில் நிற்பதில்லை. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நின்னுருச்சாம்மா?" என்கிறாள். இல்லை என்று நான் சொன்னால், அவளும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.