கொரியாவில் ரிலீவர் கிடையாது

இசக்கிசெல்விக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், வரைவாள். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் அவள் ஆப்பரேட்டர். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து டிப்ளமோவும் ஒரு தோள்பையுமாக வந்தவள். மணிமங்கலத்தில் ஊர்த்தோழி சுகப்பிரியாவோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுத்து விரலாலேயே படம் போட்டு, பேர் சொல்லாமல் நெட்டில் ஏற்றிவிடுவாள். அப்படி வளர்ந்ததுதான் ‘நிக்கோம்’ என்கிற படக்கதை. லைனில் நிற்கிற பெண்களின் கதை. நிற்பார்கள், மயங்கி விழுவார்கள், மறுபடியும் நிற்பார்கள். ஒரு சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து ‘பல்லி பல்லி’ என்று விரட்டுவார். சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம். முதலாளிகள் கொரியாக்காரர்கள் என்பதால் அந்த லைனில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே கொரியன் வார்த்தை அது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாத்ரூம் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். மஞ்சள் சட்டை போட்ட லீடர் பார்த்து ரிலீவரை அனுப்புவார். ரிலீவர் வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் நகரலாம். லைன் முழுவதற்கும் ரிலீவர் ஒரே ஒருத்தி. அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவதுதான் புத்திசாலித்தனம் என்று புதுசாகச் சேருகிற பெண்ணுக்குப் பழைய பெண் சொல்லிக்கொடுப்பாள். புத்திசாலித்தனமாம், மண்ணாங்கட்டி!

இந்தப் படக்கதையைச் சியோலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் காமிக்ஸ் விழா நடத்துகிறவர்கள் எப்படியோ பார்த்துவிட்டார்கள். தொழிலாளிகள் வரைந்த படக்கதைகளுக்கென்று ஒரு பகுதி வைத்திருக்கிறோம், உங்களுக்கு ஒரு மேசை உண்டு, டிக்கெட் எங்கள் செலவு என்று எழுதினார்கள். பாஸ்போர்ட் அவளிடம் தயாராக இருந்தது. சேர்ந்த புதிதில், கொரியாவில் ட்ரெயினிங் என்று சொல்லிக் கம்பெனியே எடுக்கச் சொன்ன பாஸ்போர்ட். கடைசியில் அந்த ட்ரெயினிங்குக்குச் சூப்பர்வைசர் ரகுபதி போனார். திரும்பி வந்து ஆளுக்கொரு சாவிக்கொத்து கொடுத்தார். அன்றைக்கு அவள் வயிறு எரிந்தது எரிந்ததுதான், பிறகு அணையவே இல்லை.

லீவு கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. எச்.ஆர். சத்யப்பிரியா மேடம் கூப்பிட்டு, “இந்தப் படமெல்லாம் நீதான் போடறியா?” என்றார். பக்கத்தில் ரகுபதி முகம் சிவந்து நின்றிருந்தார்.

“போய்ட்டு வா, தடுக்கல. ஆனா வந்த உடனே எல்லாத்தையும் அழிச்சிடணும். உன் பெர்மனென்ட் ஆர்டர் டேபிள் மேலதான் இருக்கு. நீயே முடிவு பண்ணிக்க” என்றார் மேடம்.

பெர்மனென்ட் என்றால் சும்மாவா? அதற்காகத்தானே இத்தனை வருஷம் நின்றாள்! ஊரில் அம்மாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, பேசாம அழிச்சிட்டு வேலையப் பாரு. படம் என்ன, பொறவும் வரையலாம்” என்றாள் சுகப்பிரியா.

“சரிட்டி” என்றாள் இவள். சொன்ன வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனாலும் அழித்துவிடுவது என்ற முடிவோடுதான் விமானம் ஏறினாள்.

விழா நடந்த மண்டபம் நம்மூர்க் கல்யாண மண்டபங்கள் நாலைந்தைச் சேர்த்துக் கட்டியது மாதிரி இருந்தது. கதைகளில் வருகிறவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு, தலைக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டு, பெரியவர்கள் கூச்சமே இல்லாமல் திரிந்தார்கள். ‘நிக்கோம்’ கதையைக் கொரியன் மொழியில் சின்னப் புத்தகமாக அச்சடித்து அவள் மேசையில் அடுக்கியிருந்தார்கள். ஆட்கள் வந்தார்கள், நின்று படித்தார்கள், அவள் கையெழுத்தைக் கேட்டு வாங்கினார்கள். அவளுடைய கையெழுத்தை! சம்பள ரசீதைத் தவிர வேறெதிலும் போட்டறியாத கையெழுத்து.

மத்தியானம் ஆனது. வெளியே தள்ளுவண்டிகளிலிருந்து காரமும் இனிப்புமாக வாசனை வந்து பசியைக் கிளப்பியது. அதைவிட அவசரமாக அவளுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. இசக்கிசெல்வி என்ன செய்தாள்? கையைத் தூக்கினாள். விழாவில் தன்னார்வலராக வந்திருந்த ஒரு பெண் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். தனக்குத்தான் வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து அவளும் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனாள். இவள் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. மறுபடியும் தூக்கினாள். அவளும் மறுபடியும் கையாட்டினாள். காலைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக இவள் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேசைக்காரி ஹேஜின் இதைக் கவனித்துவிட்டாள். அவள் தன் போனில் கொரியனில் பேச, அது தமிழில் எழுதிக் காட்டியது: “உடம்பு சரியில்லையா?”

“பாத்ரூம் போணும். என் இடத்துல நிக்க ஆள் வரல” என்று இவள் போனிடம் சொன்னாள்.

படித்ததும் ஹேஜின் சிரித்துவிட்டாள். பிறகு மேசையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். காலையில்தான் அதை முழுக்கப் படித்திருந்தாள். சிரிப்பு நின்றுபோனது. ஒரு துணியை எடுத்து இசக்கிசெல்வியின் மேசைமேல் விரித்து மூடினாள். வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அவ்வளவுதான். மேசையை மூடிவிட்டுப் போகலாம். யாரையும் கேட்க வேண்டாம். அந்த மண்டபத்தில் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவமானத்தில் அல்ல, ஆத்திரத்தில். கடல் தாண்டி வந்தும் கை தானாக மேலே போகிறதே! என்னைக் கேட்காமல் என் கையை இவர்கள் பழக்கிவைத்திருக்கிறார்களே! சண்டாளப் பாவிகளா என்று நெல்லைத் தமிழில் அவள் திட்டிய திட்டெல்லாம் அந்த வெள்ளைச் சுவரோடு போயிற்று.

பிறகு ஹேஜினும் அவளும் தள்ளுவண்டிக்குப் போனார்கள். விரல் நீளத்துக்கு உருட்டிய அரிசிக் கொழுக்கட்டைகள் சிவப்பான காரக் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தன. குச்சியில் மடித்துக் குத்திய மீன் அடைக்குக் காகிதக் கோப்பையில் சூடான சாறு ஊற்றிக் கொடுத்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கொரியன் எழுத்துப் பலகை மாட்டிய ஓட்டல்களைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். அவை சார்கள் சாப்பிடும் இடம், நமக்கில்லை என்று நினைத்திருந்தாள். இங்கேயானால் கூலிக்காரனும் பள்ளிக்கூடப் பிள்ளையும் பக்கத்தில் நின்று அதையே தின்கிறார்கள். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. நாக்கில் ஒட்டிக்கொண்டு கடைசியில் இனித்தது. இன்னொரு தட்டு வாங்கினாள். கம்பெனியில் போல பெல் அடித்துவிடும் என்ற அவசரத்தில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டவளைப் பார்த்து வண்டிக்காரி ஏதோ சொன்னாள். ஹேஜினின் போன் அதைத் தமிழாக்கியது: “மெதுவாகச் சாப்பிடு.”

மெதுவாக என்று சொல்லவும் இந்த மொழியில் ஒரு வார்த்தை இருக்கிறதா! இத்தனை வருஷத்தில் ஒரு பாவியும் அதை எங்களுக்குச் சொல்லவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே மூன்றாவது தட்டையும், வேண்டுமென்றே நிதானமாக, ருசித்து முடித்தாள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“இன்னாம்மா, ஃபாரின் எப்டி கீது? இன்னா துன்னே அங்க? நாய்க்கறியா, தவளையா?” என்று ரகுபதி சிரித்தார்.

“கொழுக்கட்டை தின்னேன் சார்.”

“சரி, அழிச்சிடறியா?” என்றார் மேடம். “ஆர்டர் ரெடியா இருக்கு.”

“அழிக்க மாட்டேன் மேடம். ஆர்டர் வராட்டாலும் போட்டும். இதுல எது பொய்னு சார் காட்டட்டும். அத மட்டும் இங்கயே, இப்பவே அழிக்கேன்.”

போனை ரகுபதியின் கையில் கொடுத்தாள். அவர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மயங்கி விழுந்தவளைத் தாண்டிப் போய் லைனை ஓடவிட்ட படம் வந்தது. மாதவிலக்கு நாளில் ரிலீவர் வராமல், நனைந்த உடுப்போடு ஒருத்தி நின்ற படம் வந்தது. கையைத் தூக்கியபடியே ஒருத்தி அழுத படமும் வந்தது. எதையும் பொய் என்று அவர் காட்டவில்லை, தள்ளிக்கொண்டே போனார். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சூப்பர்வைசர் விரட்டுகிற ஒரு படத்தில் ரகுபதியின் விரல் நின்றது.

“இது ராங்கு” என்றார். “எனக்கு இம்மாம் பெரிய தொப்பையா கீது?”

இசக்கிசெல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போனை வாங்கி, விரலால் அந்த வயிற்றைக் கொஞ்சம் தேய்த்துச் சின்னதாக்கிக் காட்டினாள்.

“இப்பம் சரியா இருக்கா சார்?”

“ம்” என்றார் ரகுபதி.

“அப்பம் அழிக்க வேண்டியது அவ்வளவுதான்” என்று சொல்லி அவர்கள் கண்முன்னாலேயே படத்தை மறுபடி ஏற்றிவிட்டு, யாரிடமும் கேட்காமல் வெளியே போனாள்.