எஞ்சினுக்குப் பக்கத்தில் அம்மா

கொல்லங்கோடு ஸ்டேஷனில் வந்து நின்ற ரயிலைப் போனில் படமெடுக்கப் போனேன். முகம் தேடும் மஞ்சள் கட்டம் எஞ்சினை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணின் மேல் போய் உட்கார்ந்தது.

அம்மாவும் அங்கேதான் நிற்பாள். அப்பாவுக்கு ரயிலைப் படமெடுக்கிற பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் நல்லேப்பிள்ளியிலிருந்து எங்களைப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிடுவார். கரிப்புகை நெடியோடு மீட்டர்கேஜ் வண்டி வந்து நின்றதும், கேமராவின் தோலுறையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டுவார்.

"ஏனுங்க, என்னையத் தனியா ஒண்ணு எடுக்கப்படாதுங்களா?" என்பாள் அம்மா.

"நீ எஞ்சின் பக்கத்துல போயி நில்லு. அப்பத்தான் அது எத்தனை பெருசுன்னு தெரியும்."

"நானென்ன அளவுகோலுங்களா?" என்று முணுமுணுத்தபடி, கரி ஒட்டாமல் எஞ்சினுக்கு நாலடி முன்னால் தள்ளி, சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்பா ஃபோகஸ் பார்த்து லென்ஸைத் திருகிக்கொண்டே இருப்பார். வண்டி கிளம்பப் போகும்போதுதான் அமுக்குவார்.

அம்மா இறந்தபோது, மாலை போட ஒரு படம் வேண்டுமென்று ஆல்பத்தைப் புரட்டினேன். அத்தனையும் ரயில் படங்கள். அத்தனையிலும் எஞ்சின் மங்கலாக இருந்தது. அம்மா மட்டும் மூக்குத்தி வரைக்கும் தெளிவாக இருந்தாள்.

அந்தக் கேமராவில் மஞ்சள் கட்டமெல்லாம் கிடையாது. அப்பா கையால் திருகியதுதான்.