மாமா பரிமாறிய கறி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எதற்கு இந்த வேலை? ஆனால் பட்டணத்தில் கூட்டாளி ஆரோக்கியத்தோடு பார்த்த இங்கிலீஷ் படம் என்னை விடவில்லை. அதில் ஒரு அரசியல் பெரிய மனுஷனைக் காட்டிக்கொடுக்காமல் அவனுடைய ஆள் அடி வாங்குகிறான். தாடையில் குத்து விழுந்த அந்தச் சத்தம் என்னை ஆறு வயசுக்குத் தள்ளிவிட்டது.

அப்போது வானகரத்தில் பஞ்சாயத்துத் தலைவர் எலெக்ஷன். மில்காரர் நின்றார், எங்கள் மாமா அவருடைய ஆள். தலைவருக்கு ஓட்டுப் போடும் மெம்பர்களை எதிராளி இழுத்துவிடாமல் இருக்க, அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தோப்பில் ஒளித்துவைத்து மாமா காவல் காத்தார். எதிர்த்து நின்ற சாராயக்கடைக்காரர் அவரைப் பிடித்து, "எங்கடா வெச்சுகீற?" என்று ஒவ்வொரு விரலாக உடைத்தார்.

"உன் மாமியா ஊட்ல" என்றாராம் மாமா.

மில்காரர் ஜெயித்தார். விருந்தில் சாராயக்கடைக்காரரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இருவரும் ராசியாகிவிட்டார்கள்.

"இன்னாடா பாத்துகினு நிக்கிற? அண்ணாத்தைக்குக் கறி போடு" என்றார் மில்காரர், மாமாவிடம்.

துணி சுற்றிய கையில் கரண்டி நிற்கவில்லை. குழம்பு இலைக்கு வெளியே கொட்டியது. நான் சும்மா இருப்பேனா?

"மாமா கை கூத்தாடுது பாரு!"

பந்தியே சிரித்தது. மாமாவும் சிரிக்கப் பார்த்தார். பிறகு என் இலைக்கு வந்து, தேடி ஒரு நல்ல துண்டாகப் போட்டார்.

படம் விட்டு வரும்போது இதைச் சொல்லிவிட்டு, "அந்த மில்காரன் இன்னா மனுஷன் பாத்தியா?" என்றேன்.

ஆரோக்கியம் சொன்னான்: "அவன உடு மச்சான், நீ அந்தத் துண்டத் துன்னியா இல்லியா?"