மூடாமல் வைத்திருந்த டிஸ்க்

2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பது. வெளியே இருபத்தொன்பது டிகிரி என்று கைபேசி சொன்னது, ஆனால் வெயிலைக் காணோம். முந்தின நாள் மாலையிலிருந்தே மண்காற்று. துபாயை அடுத்த முவைலாவில் என் மகனுடைய வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எதிர்க் கட்டிடம் ஒரு பழுப்பு நிழலாகத்தான் தெரிந்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி சொருகியிருந்தேன். அப்படிப்பட்ட ஒரு நாளில் டிவிடி ரிக்கார்டரின் மேல்மூடியைத் திறந்திருக்கவே கூடாது. அது எனக்குத் தெரியாததும் அல்ல. ஆனால் அன்று காலை என் மனைவி கேட்டுவிட்டாள்.

"என் குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சுங்க. அந்த நவராத்திரி டிஸ்கைப் போடுங்களேன். ஒரு தடவை கேக்கணும்."

இதைக்கூட அவள் காற்றாகத்தான் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டியை எடுத்தார்கள், கூடவே குரலும் போய்விட்டது. குரல் நரம்பு பழையபடி ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். ஆகவில்லை. அதற்குமுன் அவள் நன்றாகப் பாடுவாள். மேடைப் பாடகி இல்லை. பர் துபாயில் நாங்கள் இருந்த காலத்தில் ஒவ்வொரு நவராத்திரிக்கும் மூன்று படி கொலு வைத்து, வருகிற பெண்களுக்குச் சுண்டல் கொடுப்பதற்கு முன் நாலு பாட்டுப் பாடுவாள். யாராவது பதிவுசெய்ய வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். ஒரே ஒரு வருடம், பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், மகன் நண்பனிடமிருந்து கேமரா வாங்கிவந்து ரிக்கார்டரோடு வயரில் இணைத்து, நேராக டிஸ்கில் ஏற்றினோம். அவள் குரல் இருந்தது அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான்.

அந்த டிஸ்கை நான் மூடவில்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீட்டு ரிக்கார்டரில் பதிவான டிஸ்க், பதிவுசெய்த பெட்டியில் மட்டும்தான் ஓடும். வேறு பெட்டியிலும் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டுமானால் அந்தப் பெட்டியிலேயே ஒரு பொத்தானை அழுத்தி அதை மூட வேண்டும். மூடிவிட்டால் அப்புறம் அதில் எதையும் பதிய முடியாது. எங்கள் டிஸ்கில் ஒரு மணி நேர இடம் உண்டு. பதிவு முப்பத்தெட்டு நிமிடம். இருபத்திரண்டு நிமிடம் காலியாகக் கிடக்கும்போது அதை மூட எனக்கு மனம் வரவில்லை.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புரியும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது முப்பது கிலோ என்றால் முப்பது கிலோ. அட்டைப்பெட்டியைத் தராசுக் கொக்கியில் தூக்கிப் பார்த்து, இருபத்தொன்பதரை என்றால் பிரித்து நாலு சோப்பைச் சொருகி, மறுபடி தூக்கிப் பார்த்த பிறகுதான் கயிறு கட்டுவோம். காலி இடத்தோடு ஒரு பெட்டியைக் கட்டுவதற்கு இந்தக் கை பழகவில்லை. முப்பத்தோரு வருடம் அப்படியே பழகிய கை. அடுத்த நவராத்திரியில் மிச்சத்தை நிரப்பலாம் என்று வைத்தேன். அடுத்த வருடம் அவள் சம்மதிக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை.

ரிக்கார்டர் சில மாதங்களாகவே டிஸ்கைப் படிக்க மறுத்துக்கொண்டிருந்தது. சிறு தூரிகைகள் ஒட்டிய சுத்தப்படுத்தும் டிஸ்க் ஒன்று வாங்கிவந்து ஆறு தடவை ஓட்டினேன். பலனில்லை. அதனால்தான் அன்று திருப்புளியை எடுத்தேன்.

"கடையில குடுத்துடலாம்ப்பா" என்றான் மகன். அவனுக்கு அன்று விடுமுறை. சோபாவில் படுத்துக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைக்காரன் இதைப் பாத்ததும் புதுசு வாங்குங்கம்பான்."

"அவன் சொல்றது சரிதானே?"

"புதுசுல அம்மா பாடுவாளா?"

அவன் எழுந்து வந்து கைபேசி வெளிச்சத்தை எனக்குப் பிடித்தான். மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் கையுறை மாட்டுவதைப் பார்த்து, "ஆபரேஷன் தியேட்டர் ரெடி. நர்ஸும் வந்தாச்சு" என்று அவனைக் காட்டினாள். "எனக்குப் பண்ணின மாதிரி பண்ணிடாதீங்க. அதுக்காவது குரல் மிஞ்சட்டும்."

மேல்மூடியில் ஏழு திருகாணி. உள்ளே டிஸ்க் சுழலும் பகுதிக்கு இன்னொரு தகரமூடி, அதில் நாலு. அதையும் எடுத்ததும் லென்ஸ் தெரிந்தது. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது. புதிதாக இருக்கும்போது அது தண்ணீர்த்துளி மாதிரி நீலம் காட்டும். இது காட்டவில்லை. மேலே தேன் நிறத்தில் ஒரு படலம். சுற்றியிருந்த மண்ணை, என் பழைய ரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் குமிழைக் கழற்றி அதால் ஊதி அகற்றினேன். மண் போனது, படலம் போகவில்லை. பஞ்சுக்குச்சியால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி.

"பாரு" என்றேன் அவளிடம். "மண்ணு மண்ணுன்னு நினைச்சேன். எல்லாம் உன் வெள்ளிக்கிழமைப் புகை."

"சாமிக்குப் போட்டது உங்க பெட்டிக்குள்ள போனா நான் என்ன பண்றது?"

"வாரா வாரம் ஹால் பூரா போட்டா எங்க போகும்?"

"ஜன்னல் வழியா போயிருக்கும். ஜன்னலைத் திறந்தா ஏசி கரண்ட் வீணாகுதுன்னு சாத்தினது யாரு?"

மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. சாம்பிராணித் தட்டோடு அவள் ஹாலுக்கு வரும்போதெல்லாம் கூடவே எழுந்துபோய் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவருவது நான்தான். உள்ளே அடைபட்ட புகை, சூடான பெட்டியைத் தேடிப்போய் ஒவ்வொரு வாரமும் ஒரு பூச்சுப் பூசியிருக்கிறது.

லென்ஸைத் துடைக்கச் சுத்தமான ஆல்கஹால் வேண்டும். வீட்டில் இருந்தது நான் இன்சுலின் போடுமுன் தோலைத் துடைக்கிற ஈரப்பஞ்சு. அதில் தண்ணீரும் கலந்திருக்கும். மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். மண்காற்றில் யார் இறங்குவது என்று நினைத்து, அந்தப் பஞ்சைக் குச்சியின் நுனியில் பிழிந்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடைத்தேன். மூன்று குச்சிகள் மஞ்சளாயின. நாலாவது வெள்ளையாகவே வந்தது. லென்ஸில் நீலம் தெரிந்தது. காய்வதற்கு அரைமணி நேரமாவது விட்டிருக்க வேண்டும். பத்து நிமிடம்கூட விடவில்லை. மூடியைப் போடாமலே டிஸ்கை வைத்தேன்.

படித்தது. திரையில் தலைப்புப் பட்டியல் வந்தது. பாட்டு தொடங்கும் இடத்துக்கு ஓட்டினேன். பர் துபாய் வீட்டின் ஹால், மூன்று படி, மாம்பழ நிறப் பட்டில் அவள். மடியில் சுருதிப்பெட்டி. நாற்காலியிலிருந்த என் மனைவி முன்னால் குனிந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டாள். திரையில் அவள் கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.

நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

"ஐயோ, ஏங்க?"

"முதல்ல டிஸ்கை மூடிடறேன். நாலு நிமிஷம்தான். மூடிட்டா எந்தப் பெட்டியிலயும் போடலாம். ஆயிரம் தடவை கேக்கலாம்."

"ஆயிரம் தடவை யாரு கேட்டா? ஒரு தடவை போதும்."

"அப்பா, அம்மா கேக்கட்டும்ப்பா" என்றான் மகன். "நான் போன்ல பிடிச்சுக்கறேன். அப்புறம் மூடுங்க."

"இந்த லென்ஸ் எவ்வளவு நேரம் தாங்கும்னு உனக்குத் தெரியுமா? முழுசும் ஓட முப்பத்தெட்டு நிமிஷம். அதுக்குள்ள படுத்துட்டா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டு பெரிது, நாலு சிறிது. உயிர் குறைவாக இருக்கிற பெட்டியிடம் சின்ன வேலையை முதலில் வாங்கிக்கொள்வதுதானே முறை? ஆனால் மூடுவதும் ஒரு பதிவுதான். டிஸ்கைப் படிக்கக் கொஞ்சம் ஒளி போதும், அதில் எழுதுவதற்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். இது அந்தப் பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தில் இருக்கிறது, வாங்கிய வாரமே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன் நான். பாதி காய்ந்த லென்ஸை வைத்துக்கொண்டு, அதால் முடிகிற பெரிய வேலையை விட்டுவிட்டு, முடியாத சின்ன வேலையைக் கொடுத்தேன். எத்தனை நிமிடம் என்று மட்டும் பார்த்தேன்.

திரையில் ஒரு நீலக்கோடு நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. முக்காலுக்குச் சற்று முன்னால் நின்றது. உள்ளே கிர்க் கிர்க் என்று ஒரு சத்தம். பிறகு டிஸ்க் பழுது என்று எழுத்து வந்து, தட்டு தானாக வெளியே நீண்டது. உள்ளே தள்ளினேன். டிஸ்க் இல்லை என்றது. மறுபடி துடைத்தேன், மறுபடி தள்ளினேன். டிஸ்க் இல்லை என்றது. எத்தனை தடவை என்று அன்று நான் எண்ணவில்லை.

நான் நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அடுக்களையில் குக்கர் விசில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் வாசல்படியில் நின்று, "சாப்பிட வாங்க" என்றாள். அவ்வளவுதான். ஒரு சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தேறியிருப்பேன். அன்று மாலை அவள் சாம்பிராணி போடவில்லை. நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தேன். மண்தான் வந்தது.

அடுத்த வாரம் மகன் என்னைப் பர் துபாய்க்குக் காரில் கூட்டிப்போனான். அழிந்துபோன கோப்புகளை மீட்டுத்தருகிற கடை ஒன்று அங்கே இருந்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். டிஸ்கை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார்.

"இது கலாஸ் சார், முடிஞ்சிட்டு. ஓரம் பூரா பாதி எரிஞ்சு நிக்குது. உள்ளே என்ன, கல்யாணமா?"

"பாட்டு."

"யார் பாடினது? யூடியூப்ல தேடினா கிடைச்சிரும்லா."

"எங்கம்மா" என்றான் மகன்.

அவர் டிஸ்கைப் பைய மேசைமேல் வைத்தார். "முயற்சி பண்ணுதேன். துண்டு துண்டாத்தான் வரும். கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் காசு உண்டு, அதை இப்பமே சொல்லிட்டேன், பொறவு சண்டை பிடிக்கக் கூடாது."

வேறு எந்தக் கடையிலும் நான் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டேன். அங்கே சரி என்றேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பத்து நாள் கழித்து ஒரு பென்டிரைவ் வந்தது. கிடைத்தது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. எல்லாம் பாட்டுக்கு முந்தைய பகுதி. பாட்டு இருந்த இடத்தில் பச்சைச் சதுரங்களும் உடைந்த இரைச்சலும். டிவியில் போட்டு, நாங்கள் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். பெண்கள் பாயில் உட்காருகிறார்கள். சுருதிப்பெட்டி ஒலிக்கிறது. அதற்குமேல் கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல், தெளிவாக, ஓயாமல்: விளக்கை இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பிள்ளையைத் தள்ளி உட்காரச் சொல், கொஞ்சம் இரு, வயர் இழுக்கிறது.

"உங்க கச்சேரிதான் முழுசா மிஞ்சியிருக்கு" என்றாள் மனைவி.

அப்போது திரையில் அவள் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்து, "ஆரம்பிக்கட்டுமாங்க?" என்று கேட்டாள். முழுக்குரல். அடியில் கொஞ்சம் கனமாக, 'ங்க'வில் லேசாக மேலே ஏறி. அது இப்படி இருந்தது என்பதை நானும் மறந்துபோயிருக்கிறேன் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. பிறகு பச்சைச் சதுரங்கள் வந்தன.

"திருப்பிப் போடு" என்றாள் மகனிடம்.

போட்டான். மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டான். அவள் கழுத்துத் தழும்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் திரையோடு சேர்ந்து உதட்டை அசைத்தாள். சத்தம் டிவியிலிருந்து மட்டும் வந்தது. ஒரு பாட்டைக் கேட்டிருக்க வேண்டியவள் ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நல்லாத்தான் இருந்திருக்கு" என்று எழுந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சு?" என்றாள்.

எதற்காகக் கேட்டாள் என்று தெரியவில்லை. கணக்குச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. தூரிகை டிஸ்க், பஞ்சுப்பெட்டி, கடைக்கூலி, பென்டிரைவ், போய்வந்த சாலைக் கட்டணம், பார்க்கிங். கூட்டி வைத்துத்தான் இருந்தேன். சொன்னேன்.

அறுநூற்று நாற்பத்தேழு திர்ஹம்.