கடல் வீட்டில் ஒட்டிய கடல்

என் சித்தப்பா ஒரு ஏமாற்றுக்காரர். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. ஒன்பது வயதிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை.

விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து ஒரு வீடு கட்டினார் சித்தப்பா. ஒரு மழைக்காலம் குடியிருந்துவிட்டு, ஸ்ரீவராகத்தில் நாங்கள் எல்லோரும் இருந்த பூர்வீக வீட்டுக்கே திரும்பி வந்தார். பிறகு திடீரென்று பாசம் பொங்கியது. கடல் வீட்டை அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும், பூர்வீக வீட்டில் அண்ணன் பங்கைத் தனக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அப்பா உருகிப்போனார்.

அம்மா உருகவில்லை. "ஏன்னா, நல்ல வீடுன்னா உங்க தம்பி நமக்குத் தருவாரோ?" என்று கேட்டாள்.

பார்க்கப் போனோம். கேட்டில் மரத்தில் செய்த கப்பல் சக்கரம். வெளியே நீலமும் வெள்ளையுமாகப் புதுப் பெயிண்ட். உள்ளே சிப்பித் தோரணம், பிரம்பு ஊஞ்சல். அம்மா எதையும் ரசிக்கவில்லை. குழாயைத் திறந்தாள், ஜன்னல் கொக்கியை ஆட்டினாள். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கடல் படம் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. எதிர் ஜன்னலில் நிஜக் கடல்.

"ஜன்னல்லயே கடல் இருக்கே, செவுத்துல எதுக்கு இன்னொண்ணு?" என்றாள் அம்மா.

"இன்டீரியர்னா இப்போ இதாக்கும் ஃபேஷன், மன்னி. உங்களுக்கு மனசிலாகாது" என்றார் சித்தப்பா.

அம்மா படுக்கையறைக்குள் போனாள். கதவு மூடும் சத்தம். தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது. மறுபடியும் விழுந்தது. துரு ஏறியிருக்கிறதா என்று சோதிக்கிறாள், சபாஷ், என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. கடலின் மூலையைக் கிள்ளினேன். ஈரத்தில் ஊறிய காகிதம் கையோடு வந்தது. உள்ளே சுவர் வெள்ளை பூத்துப் பொரிந்திருந்தது. பூச்சில் குட்டிக் குட்டிச் சிப்பிகள். நக்கிப் பார்த்தேன்.

"அம்மா! செவுரு உப்புக் கரிக்கறது! உள்ள சிப்பி இருக்கு!"

சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. உடனே சிரித்துச் சமாளித்தார். "அதும் டிசைன்தான்டீ, அசடே. கடக்கரை வீடுன்னா சிப்பி வேண்டாமா?"

அப்பாவும் சிரித்தார். தம்பி என்ன சொன்னாலும் சிரிப்பார்.

அம்மா வந்தாள். சுவரை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். கடற்கரை மணலை அள்ளிப் பூசிய சுவர் அது. தொலைந்தார் சித்தப்பா என்று காத்திருந்தேன். அம்மா அவரையே பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா காகிதத்தை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

"நன்னா இருக்கு. நமக்கு இது போறும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு திரும்பும்வரை அவளிடம் பேசவில்லை. குடிபோனோம். மழைக்காலத்தில் சுவர் வியர்த்தது, பட்டுப்புடவையில் பூஞ்சை பிடித்தது, சாப்பிடும் தட்டில் காரை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான் சித்தப்பாவைத் திட்டினேன். அம்மா ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

ஸ்ரீவராகத்து வீட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்தது கொல்லைக்குப் போகும் நடை. கதவு கிடையாது. எல்லோரும் குறுக்கே போவதும் வருவதுமாக இருப்பார்கள். அம்மா மூலையில் சுவரைப் பார்த்து நின்று அவசர அவசரமாகப் புடவை மாற்றுவாள்.

கடல் வீட்டில் எது இற்று விழுந்தாலும் அவள் கண்டுகொள்ளவில்லை. படுக்கையறைத் தாழ்ப்பாளுக்கு மட்டும் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தாள். கடலோரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால்தான் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.