ஒட்டின விரலுக்கு ஒரு மெட்டி

என் வலது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் பிறக்கும்போதே ஒன்றாக ஒட்டிக்கொண்டவை. சின்ன வயதில் பதுளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், தோல் மட்டுமல்ல, எலும்பே சேர்ந்து வளர்ந்திருக்கிறது, பிள்ளை நடக்கிறதுதானே, விட்டுவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் மற்றப் பெண்கள் விரலிடுக்குகளில் அட்டையைத் தேடும்போது, எனக்குத் தேட ஓர் இடுக்கு குறைவு.

அம்மாவுக்குத்தான் அது பெருங்கவலை. எழுபதுகளின் நடுவில், பூனாகலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் லயத்து வீட்டு வாசலையே கூட்டுகிற மாதிரி சேலையை இறக்கிக் கட்டிவிட்டாள். வந்தவர்களுக்கு என்னைப் பிடித்துப்போனது. மெட்டி செய்ய, இரண்டு கால் விரலுக்கும் நூலில் அளவெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அம்மா இரண்டு நூலையும் என் இடது கால் விரலிலேயே அளந்து முடிச்சுப் போட்டாள்.

"அம்மி மேல கால வைக்கிறப்ப தெரிஞ்சிருமேம்மா?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள தாலி ஏறியிரும்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. காலம் முழுக்க ஒருவர் வீட்டில் சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டா குடித்தனம் நடத்துவது? அம்மா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், ஒரு நூலை அடுப்பில் போட்டுவிட்டு, ஒட்டின விரல் இரண்டையும் சுற்றி வேறு நூல் அளந்து வைத்தேன்.

நூல் பூனாகலைக்குப் போனதும் அங்கே ஒரே களேபரம். ஒன்று விரல் அளவு, மற்றது கைக்குழந்தையின் வளையல் அளவு. பெண்ணுக்கு ஒரு காலில் யானைக்கால் என்று மாப்பிள்ளையின் தாயார் முடிவுகட்டி, கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்ததும் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீராப்பாகச் செய்துவிட்டேனே தவிர, எனக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துத்தான் இருந்தது. நாலு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே வந்தார். சட்டைப்பையிலிருந்து அந்த நூலை எடுத்து, அம்மாவிடம் அல்ல, என்னிடம் நீட்டினார். நான் சேலையை ஒரு சாண் தூக்கிக் காலைக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். சிரிப்பார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன்.

"நடக்கிறப்ப வலிக்குமா?" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வலிக்காது என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

கல்யாணத்தன்று அம்மி மேல் வைத்த காலில், அந்த நூலளவுக்கே செய்த பெரிய மெட்டியை அவர் இரண்டு விரலுக்கும் சேர்த்தே போட்டுவிட்டார். மாமியார் கிட்டே வந்து குனிந்து பார்த்து, யானைக்கால் இல்லை என்று தீர்மானமான பிறகுதான் முகம் மலர்ந்தார். அம்மா அன்றும் சேலையை இறக்கித்தான் கட்டிவிட்டிருந்தாள். நான்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.